அம்பாசடர் 1489 இன்ஜினில் இரட்டை எஸ்யூ கார்பரேட்டர்: பட்டறை வழிகாட்டி

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் 'டபுள் கார்பரேட்டர்', அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கருவி ஒன்றுக்கு இரண்டு, என்று சொன்னால் போதும், கண் விரியும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் 1990இல் வருவதற்கு முன்பு, செங்குன்றம் தாண்டி சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து ஆசை அது. ஆனால் மாட்டிய ஆறாவது மாதமே கழற்றி மூலையில் போட்டு, பழைய ஒற்றைக் கார்பரேட்டருக்கே திரும்பியவர்களும் நிறைய. பெட்ரோல் குடிக்கிறது, ஐட்லிங் நிற்கவில்லை, மதிய வெயிலில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பார்கள். பத்தில் எட்டு கேஸில் கார்பரேட்டர் மேல் குற்றமே இருக்காது. எங்கோ வெளிக்காற்று புகுந்திருக்கும், அல்லது இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்காமல் இருந்திருக்கும். ஆகவே இந்த வேலையின் வரிசை ஒன்றுதான்: காற்றை முதலில் சரிசெய்ய வேண்டும், பெட்ரோலை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின் உள்ள அம்பாசடர். இது பிரிட்டிஷ் கார் கம்பெனி பிஎம்சியின் பி சீரிஸ் இன்ஜின். இதே அளவு பிளாக்கைத்தான் எம்ஜி கம்பெனி 1955இல் வந்த எம்ஜிஏ 1500 காரில் போட்டது, எஸ்யூ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஒன்றரை இஞ்ச் எச்4 கார்பரேட்டர் இரண்டை வைத்து. அதனால் அந்த மேனிஃபோல்டும் (கார்பரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் குழாய்) கார்பரேட்டர் ஜோடியும் இந்த ஹெட்டுக்குப் பொருந்துகின்றன. பிற்காலத்து இசுசு 1.8 இன்ஜின் உள்ள வண்டிக்கு இந்த வேலை ஒத்துவராது. அது வேறு வம்சம்.

பவர் எவ்வளவு கூடும்? எம்ஜிஏவில் 68, பிறகு 72 குதிரைத்திறன் வந்தது உண்மை. ஆனால் அங்கே கம்ப்ரெஷன் 8.3, ஹெட், கேம், எக்ஸாஸ்ட் எல்லாமே சேர்ந்து செய்த வேலை அது. கார்பரேட்டரை மட்டும் மாற்றினால் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு முட்டாமல் இழுக்கும், பிக்கப் சுத்தமாக இருக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இன்ஜின் தகுதியா என்று முதலில் பாருங்கள்

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுங்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். அதிகபட்ச அளவுக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வால்வ் அல்லது ரிங் வேலை இருக்கிறது. அந்த இன்ஜினில் எத்தனை கார்பரேட்டர் வைத்தாலும் பேலன்ஸ் வராது. அடுத்து டேப்பெட், அதாவது வால்வ் இடைவெளி. அதற்கடுத்து டிஸ்ட்ரிபியூட்டர்: ரோட்டரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும், டைமிங் நிற்காது. பிளக் இடைவெளி 0.025 இஞ்ச், அதாவது 0.64 மில்லிமீட்டர். இவை முடிந்த பிறகே கார்பரேட்டர் பேச்சு.

பழைய மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஒன்று தெரியவரும். ஒற்றைக் கார்பரேட்டர் வண்டியில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் சூடு கடத்துவதற்காக ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். இன்லெட்டை மட்டும் மாற்ற முடியாது. எம்ஜி மாதிரி தனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அதற்கு ஏற்றபடி முன் எக்ஸாஸ்ட் பைப்பை வெட்டி வெல்டிங் செய்வதும் செலவுக் கணக்கில் இருக்கட்டும். பலர் கார்பரேட்டரை வாங்கிவிட்டு இந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள்.

செட் வாங்கும்போது

புதுப்பேட்டையில் கிடைத்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வந்தாலும் சரி, ஜோடியாகவே வந்த கார்பரேட்டர்தானா என்று பாருங்கள். எச்4 கார்பரேட்டர் பல கார்களில் வந்தது. ஒவ்வொரு காரிலும் அது உட்காரும் சரிவு வேறு. சரிவுக்கு ஏற்றபடி ஃப்ளோட் சேம்பரை (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) பிடிக்கும் கை வார்க்கப்பட்டிருக்கும். வேறு சரிவுக்கு உள்ளதை வாங்கி மாட்டினால் ஃப்ளோட் சேம்பர் சாய்ந்து நிற்கும். பெட்ரோல் மட்டம் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். என்ன ட்யூன் செய்தாலும் அது தீராது. மேனிஃபோல்டில் வைத்துப் பார்த்து, ஃப்ளோட் சேம்பர் செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கார்பரேட்டரின் மேலே மணி போல் உள்ள டேஷ்பாட்டும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் கம்பெனியிலேயே ஜோடி சேர்த்தவை. ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. கழற்றும்போதே இரண்டு தனித்தனி டப்பா வைத்துக்கொண்டு 'முன்', 'பின்' என்று எழுதிவிடுங்கள். ஜோடி சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, எண்ணெய் இல்லாமல் சுத்தமாகத் துடைத்து, பிஸ்டனில் உள்ள காற்றுத் துளைகளை மெழுகால் அடையுங்கள். டேஷ்பாட் தலையில் திருகும் டேம்பர் மூடியைப் போட்டு, பிஸ்டனை டேஷ்பாட்டுக்குள் முழுக்கத் தள்ளி, தலைகீழாக்கிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளுங்கள். டேஷ்பாட் தன் எடையில் மெல்ல இறங்கும். ஒன்றரை இஞ்ச் கார்பரேட்டரில் அது முழுக்க இறங்க 5 முதல் 7 வினாடி ஆக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் விழுந்தால் தேய்மானம். நடுவில் நின்றால் அழுக்கு, அல்லது டேஷ்பாட் கீழே விழுந்து நெளிந்திருக்கிறது. இரண்டு கார்பரேட்டரின் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது அந்த எண்ணிக்கையைவிட முக்கியம்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் கார்பரேட்டர் என்றால் உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மேல் பூப்பு பரவாயில்லை. ஃப்ளோட் சேம்பருக்குள், ஜெட் (பெட்ரோல் மேலே வரும் துளைக் குழாய்) உட்காரும் இடத்தில் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். சுத்தம் செய்யக் காஸ்டிக் சோடா போடவே கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளில் கம்ப்ரெஸர் காற்று அடித்தால் போதும். துளைக்குள் இரும்புக் கம்பி விடுவதும் தவறு.

ஆக்சிலரேட்டர் ஷாஃப்ட்: பாதி வியாதி இங்கேதான்

காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டர்ஃப்ளை வால்வைத் தாங்கும் ஷாஃப்ட்டின் விட்டம் 5/16 இஞ்ச், 7.94 மில்லிமீட்டர். இதை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தாலே வெளிக்காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஐட்லிங்கில் இன்ஜினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம்தான். அதில் ஒரு பகுதி அளவில்லாமல் பக்கவாட்டில் புகுந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயனில்லை.

புது ஷாஃப்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஆட்டம் இருந்தால் பாடியில் ஓட்டை பெரிதாகியிருக்கிறது, புஷ் அடிக்க வேண்டும். வியாசர்பாடி எஸ்டேட்டிலும் வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இரண்டு பக்கத்து ஓட்டையையும் ஒரே செட்டிங்கில் ரீமர் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டுத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் போட்டால் நேர்க்கோடு போய்விடும், ஷாஃப்ட் இறுகும். 'அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டத்துல எடுங்க' என்று சொன்னால் வேலை தெரிந்தவருக்குப் புரிந்துவிடும்.

பட்டர்ஃப்ளையை மாட்டும்போது அதன் இரண்டு சிறு திருகுகளையும் முதலில் தளர்வாகவே விடுங்கள். ஷாஃப்ட்டைப் பலமுறை சட்டென்று மூடினால் தட்டு தானாக நடுவில் உட்காரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரம் முழுக்க மயிரிழை அளவுகூட வெளிச்சம் வரக் கூடாது. பிறகு இறுக்கி, திருகின் பிளவுபட்ட முனையை விரித்துவிடுங்கள். இதை மறந்தால் அந்தத் திருகு ஒருநாள் கழன்று இன்ஜின் வால்வுக்கும் இன்ஜின் பிஸ்டனுக்கும் நடுவே போய் நிற்கும்.

ஜெட்டைச் சுற்றியுள்ள கார்க் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். போடும் முன் அரை மணி நேரமாவது இன்ஜின் ஆயிலில் ஊறட்டும். காய்ந்த கார்க் முதல் நாளே ஒழுகும். வைட்டான் ரப்பர் ரிங் உள்ள கிட் கிடைத்தால் இன்றைய பெட்ரோலுக்கு அதுவே நல்லது.

மேனிஃபோல்டு

பி சீரிஸ் ஹெட்டில் இன்லெட் ஓட்டை இரண்டுதான். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று. 3, 4க்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எண்ணிப் பாருங்கள்: 2 இழுத்த உடனே 1 இழுக்கிறது, பிறகு அந்த ஓட்டைக்கு நீண்ட ஓய்வு. 3, 4 பக்கமும் அதே கதை. ஒவ்வொரு கார்பரேட்டரும் இரண்டு மூச்சை அடுத்தடுத்து வாங்கிவிட்டுச் சும்மா இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் இரண்டு கார்பரேட்டருக்கும் நடுவே பேலன்ஸ் குழாய் இருக்கிறது. அதில் பழைய கரி அடைத்திருந்தால் ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது. கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, விளக்குப் பிடித்துப் பாருங்கள்.

ஹெட்டில் உட்காரும் முகத்தைச் சோதிக்க நல்ல இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது. தடித்த கண்ணாடி மேல் 120 எமரி பேப்பரை ஒட்டி, எட்டு போடுவது போல் தேய்த்தால் சின்ன வளைவு போகும். பெரிய வளைவுக்கு மில்லிங்தான்.

இனி, பலரும் தவறவிடும் இடம். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் பல இடங்களில் ஒரே ஸ்டட், ஒரே தடித்த வாஷர் சேர்த்துப் பிடிக்கிறது. வாஷரின் ஒரு பாதி இன்லெட் காதின் மேல், மறுபாதி எக்ஸாஸ்ட் காதின் மேல். இரண்டின் தடிமனும் ஒன்றாக இருந்தால்தான் வாஷர் சமமாக அழுத்தும். எம்ஜி இன்லெட்டையும் வேறு எங்கிருந்தோ வந்த எக்ஸாஸ்டையும் சேர்க்கும்போது ஒன்று அரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தாலும் வாஷர் சாய்ந்து, மெலிந்த பக்கம் இறுகாது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் பக்கம் காற்று இழுக்கும். வெர்னியரால் இரண்டையும் அளந்து, தடித்ததை மில்லிங் செய்து சமப்படுத்துங்கள். அல்லது லேத்தில் படி வைத்த வாஷர் கடையச் சொல்லுங்கள்.

கேஸ்கட்டை ஹெட்டின் மேல் வைத்து, ஓட்டையின் விளிம்பை எங்கும் மறைக்கவில்லையே என்று பாருங்கள். மறைத்தால் கேஸ்கட்டை வெட்டுங்கள். மேனிஃபோல்டின் உள்பக்கத்தைக் கண்ணாடி போல் பஃபிங் செய்ய வேண்டாம். வார்ப்பின் முண்டு முடிச்சு போனால் போதும். வழவழப்பான சுவரில் பெட்ரோல் திவலையாக ஒட்டி வழியும்.

ஸ்டட் 5/16 இஞ்ச் யுஎன்எஃப் மரை. நட்டுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் வேண்டும். 13 எம்எம் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும், அதுதான் ஆபத்து. இரண்டாவது முறையில் நட்டின் முனை மழுங்கிவிடும். பித்தளை நட்டு போடுங்கள். கடற்காற்றில் இரும்பு நட்டு ஸ்டட்டோடு பிடித்துக்கொண்டு, அடுத்த முறை ஸ்டட்டையே முறித்துக்கொண்டு வரும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், கடைசியாக 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறிய பின் மறுபடி ஒரு சுற்று.

சூட்டுத் தடுப்பும் பெட்ரோல் வழியும்

இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் நேர் கீழே, கார்பரேட்டர் நேர் மேலே. மே மாதத்தில் மின்ட் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிக்கத் தொடங்கும். அதனால் மேனிஃபோல்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே 6 முதல் 10 மில்லிமீட்டர் ஹைலம் (சூட்டை எளிதில் கடத்தாத பிசின் பலகை) கட்டை வேண்டும். செம்புதாஸ் தெருவில் ஹைலம் ஷீட் கேட்டுப் பாருங்கள். வரிசை இது: மேனிஃபோல்டு, பேக்கிங், ஹைலம், பேக்கிங், சூடு மறைக்கும் தகடு, பேக்கிங், கார்பரேட்டர். இவ்வளவும் நடுவே வருவதால் பழைய ஸ்டட் நீளம் பற்றாது. நட்டில் மரை முழுக்கப் பிடிக்கிற அளவுக்கு நீள ஸ்டட் வாங்கிக்கொள்ளுங்கள். தகடு 18 கேஜ் இரும்பு, இரண்டு கார்பரேட்டருக்கும் சேர்த்து ஒரே துண்டு, ஃப்ளோட் சேம்பருக்கு அடியிலும் நீள வேண்டும்.

ஃப்ளோட் சேம்பர் மூடியில் இருக்கும் வழிவுக் குழாயை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஃப்ளோட் சேம்பருக்குள் வரும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வில் ஒரு தூசி சிக்கினால் பெட்ரோல் அந்த வழியாகத்தான் கொட்டும், நேராகச் சூடான எக்ஸாஸ்டின் மேல். ஒரு உலோகக் குழாய் மாட்டி, எக்ஸாஸ்டைத் தாண்டி இன்ஜினுக்கு அடியில் கொண்டுபோய் விடுங்கள். இரண்டு கிலோ தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் ஒன்று ட்யூனிங் முடியும் வரை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. நல்ல நிலையில் உள்ள பழைய மெக்கானிக்கல் பம்ப் அதற்குள்தான் தரும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பை மாட்டினால் ஊசி வால்வ் தாங்காது. இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறிப் பிசுபிசுக்கும், கரைந்து ஜெட்டை அடைக்கும். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள்.

ஃப்ளோட் மட்டம்: மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி வால்வ் மூடிய நிலையில், கவட்டை வடிவ நெம்புகோலுக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 7/16 இஞ்ச் டிரில் பிட்டை நுழையுங்கள். தட்டாமல் தளராமல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் நெம்புகோலைக் கவட்டை தொடங்கும் இடத்தில் வளைக்கலாம். ஃப்ளோட்டைச் சுடுநீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் ஓட்டை.

ஆக்சிலரேட்டருக்குக் கம்பி இணைப்பைவிடக் கேபிள் சுலபம். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு போடுங்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று இழுக்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முழுக்க மிதிக்க, மற்றவர் இரண்டு பட்டர்ஃப்ளையும் படுக்கை நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். பானெட் இடிக்குமா என்று அறிய, சப்பாத்தி மாவை உருட்டி டேஷ்பாட் தலையில் வைத்து, பானெட்டை மூடித் திறந்தால் போதும். மாவு பத்து மில்லிமீட்டராவது தடிமனாக நிற்க வேண்டும், ஏனென்றால் இன்ஜின் ஓடும்போது ஆடும்.

ஃபில்டர் இல்லாமல் இங்கே ஓட்டாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிப் புழுதி ஒரே மழைக்காலத்துக்குள் டேஷ்பாட்டைக் கீறிவிடும். ஃபில்டர் பேக்கிங்கைத் தலைகீழாகப் போட்டு, கார்பரேட்டர் முகத்தில் உள்ள சிறு காற்றுத் துளைகளை மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிஸ்டன் மேலே எழும்பாது. வண்டி நாற்பதைத் தாண்டாது. இன்னொன்று, இந்த ஃபில்டர்கள் பழையதைவிடத் தாழ்வாக உட்காரும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிற நாளில் சுற்றிக்கொண்டு போங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்

நீடில், அதாவது பிஸ்டனோடு சேர்ந்து ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் கூம்புக் கம்பி: எம்ஜிஏ 1500க்கு உரியது ஜிஎஸ் என்ற குறியீடு உள்ளது, ஜெட் 0.090 இஞ்ச், ஸ்பிரிங் சிவப்பு. நீடிலின் தோள் பிஸ்டன் அடிப்பாகத்தோடு சமமாக நிற்க வேண்டும், உள்ளேயும் போகாமல் வெளியேயும் நீட்டாமல்.

ஜெட்டை நடுப்படுத்துவதில் அவசரம் கூடாது. ஜெட்டின் பெரிய பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெட்டை முழுக்க மேலே ஏற்றி, பிஸ்டனை மேலிருந்து மெல்ல அமுக்கிப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இப்போது பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். ஜெட்டை முழுக்கக் கீழே இறக்கி மறுபடி விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. ஜெட் மேலே இருக்கும்போது மட்டும் சத்தம் மழுங்கினால் நீடில் உரசுகிறது, மறுபடி செய்யுங்கள். நாலைந்து முறை ஆகலாம்.

பிறகு ஜெட்டைப் பாலத்தோடு (பிஸ்டன் வந்து உட்காரும் மேடு) சமமாக வைத்து, அங்கிருந்து ஜெட்டுக்கு அடியில் உள்ள அட்ஜஸ்ட் நட்டைப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். இரண்டு கார்பரேட்டரிலும் அப்படியே. பட்டர்ஃப்ளை முழுக்க மூடிய நிலையிலிருந்து ஐட்லிங் ஸ்க்ரூ ஒரு சுற்று உள்ளே. இரண்டையும் இணைக்கும் கிளாம்ப் தளர்ந்தே இருக்கட்டும், சோக் கம்பியும் கழன்றே இருக்கட்டும். டேம்பரில் 20 கிரேட் ஆயில் ஊற்றுங்கள். டேம்பரை இறக்கும்போது மூடி மரையைத் தொட ஆறு மில்லிமீட்டர் இருக்கையில் கைக்குத் தடை தெரிந்தால் அளவு சரி.

டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கம் குழாய் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மூடிய பட்டர்ஃப்ளையின் விளிம்புக்குச் சற்றே ஃபில்டர் பக்கம் உள்ள துளையில்தான் மாட்ட வேண்டும். ஐட்லிங்கில் அங்கே இழுப்பு இருக்கக் கூடாது.

காற்று, பிறகு பெட்ரோல்

கால் மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். முதலில் வெளிக்காற்றுச் சோதனை. பலர் இதற்கு கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். கீழே சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட் இருக்கிற இந்த இன்ஜினில் அது தீயைக் கூப்பிடுவது. சோப்புத் தண்ணீரைச் சிறு பாட்டிலில் எடுத்து, இன்லெட் இணைப்பு, ஹைலம் ஓரம், ஷாஃப்ட் முனை என்று துளித் துளியாக விடுங்கள். உள்ளே உறிஞ்சினாலோ இன்ஜின் சத்தம் மாறினாலோ அங்கே ஓட்டை. அதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அரை மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டரின் வாயிலும் ஒரே இடத்தில் பிடியுங்கள். 'உஸ்ஸ்' என்ற சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும் வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருப்புங்கள். 800 ஆர்பிஎம் பக்கம் நிறுத்துங்கள். மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பழகிய காது பெரும்பாலும் மீட்டரோடு ஒத்துப்போகும்.

இப்போதுதான் பெட்ரோல். பிஸ்டனை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஒரு மில்லிமீட்டருக்குள் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஒரு நொடி சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறி, ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம்; ஜெட் நட்டை ஒரு முகம் மேலே. உடனே தடுமாறி அணைந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு முகம் கீழே. ஒரு முறைக்கு ஒரு முகம் மட்டும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மறுபடி பாருங்கள், பேலன்ஸ் குழாய் வழியாக ஒன்றின் குணம் மற்றதில் கலக்கிறது. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஆக்சிலரேட்டரைக் கொடுத்துத் தொண்டையைச் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியில் கிளாம்பை இறுக்கி, 1500 ஆர்பிஎம்மில் வைத்து மறுபடி சத்தம் கேளுங்கள். ஐட்லிங்கில் ஒத்துப்போய் இங்கே மாறினால் கிளாம்ப் இறுக்கும்போது ஒன்று முந்திக்கொண்டது. சோக் கம்பியை இதற்குப் பிறகு மாட்டுங்கள்.

எத்தனால் பெட்ரோலுக்கு நீடில்

இந்த நீடில்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குக் கடைந்தவை. எத்தனால் தானே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், இருபது சதவீதக் கலவைக்கு அதே காற்றுக்குச் சுமார் எட்டு சதவீதம் அதிகப் பெட்ரோல் வேண்டும். ஜெட்டை இறக்கினால் ஐட்லிங் சரியாகிவிடும். ஆனால் ஜெட் ஓட்டைக்கும் நீடிலுக்கும் உள்ள இடைவெளி ஐட்லிங்கில் மிகக் குறைவு, மேல் வேகத்தில் அதிகம். அதனால் ஜெட்டை இறக்குவது ஐட்லிங்கில் பெரிதாகவும் மேல் வேகத்தில் சிறிதாகவும்தான் வேலை செய்யும். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, லோடில் சூடேறி இருமுகிற வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன.

எஸ்யூ நீடிலின் விட்டத்தைத் தோளிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் (1/8 இஞ்ச்) அளப்பார்கள். உதாரணமாக நடுவில் ஓர் இடத்தில் நீடில் 0.075 இஞ்ச் என்றால், எட்டு சதவீதம் கூடுதல் வழி கிடைக்க அது 0.0737 ஆக வேண்டும். அதாவது ஆயிரத்தில் ஒன்றேகால் இஞ்சுக்குச் சற்று அதிகம் மெலிய வேண்டும். நீடில் அட்டவணையில் அந்த அளவுக்கு மெலிந்த, 0.090 ஜெட்டுக்கு உரிய நீடிலைத் தேடி வாங்குங்கள். எமரி பேப்பரில் தேய்த்து மெலிய வைக்கலாம் என்று சொல்வோர் உண்டு. இரண்டு நீடிலையும் ஒரே மாதிரி தேய்க்க யார் கைக்கும் வராது.

ரோட்டில்

பெரம்பூர் மேம்பாலம் நல்ல சோதனைக்களம். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். தயங்கினால் நீடிலின் நடுப்பகுதி பெட்ரோல் குறைவு. சட்டென்று மிதிக்கும்போது மட்டும் தயங்கினால் டேம்பரில் ஆயில் இல்லை, அல்லது மெலிதான ஆயில். முழு வேகத்துக்குக் காலை ஆறு மணிக்குள் செங்குன்றம் பக்கம் போய்விடுங்கள். முழு லோடில் ஓட்டி, கிளட்சை மிதித்து இன்ஜினை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நான்கு பிளக்கும் ஒரே நிறமாக இருக்கிறதா என்பதே கேள்வி. எத்தனால் பெட்ரோலில் நிறம் எப்போதும் வெளிறியே வரும், காபித்தூள் நிறத்தைத் தேடாதீர்கள். 1, 2 ஒரு நிறம், 3, 4 வேறு நிறம் என்றால் பேலன்ஸ் போயிருக்கிறது.

புகைச் சோதனை மையம் மலிவான ட்யூனிங் கருவி. இந்த வயதுப் பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி. கார்பன் மோனாக்சைடு குறைவாக, ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் மிஸ்ஸிங். பிளக் அல்லது வெளிக்காற்று.

கோளாறும் காரணமும்

கார்பரேட்டர் வாய் வழியாகத் தும்மினால் பெட்ரோல் குறைவு. ஒரே பக்கம் தும்மினால் அந்தப் பக்க ஃப்ளோட் ஊசியைப் பாருங்கள். ஐட்லிங் ஏறி இறங்காமல் மேலேயே நின்றால் பட்டர்ஃப்ளை ஓரம் பிடிக்கிறது, அல்லது கேபிள் உறை சூட்டில் உருகியிருக்கிறது. ஜெட்டை மூன்று சுற்றுக்கு மேல் இறக்கினால்தான் ஐட்லிங் நிற்கிறது என்றால் அது ஜெட் பிரச்சினை இல்லை. மேனிஃபோல்டு வாஷர்களுக்குத் திரும்புங்கள். சூடாக அணைத்து இருபது நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. சோக் இழுக்காமல், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்து வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக ஆர்சி. 2021இல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிய வேண்டுமானால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்த வேலையில் ஹெட்டிலோ பிளாக்கிலோ புதிய துளை எதுவும் இல்லை, அரை நாளில் பழையபடி ஆக்கிவிடலாம். அதனால் கழற்றிய ஒற்றைக் கார்பரேட்டர், சேர்ந்த மேனிஃபோல்டு, முன் எக்ஸாஸ்ட் பைப்பின் வெட்டிய துண்டு, ஸ்டட், நட்டு, லிங்க் கம்பி எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி, எது எங்கே என்று சீட்டு எழுதி உள்ளே போட்டு, பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.